‘ஒன்றுமில்லை’ என்று இரண்டு முறை

1

நான் இங்கிலாந்துக்கு வந்து, சென்ற வாரத்தோடு ஓராண்டு நிறைந்தது. வீட்டில் யாருக்கும் அது நினைவில் இல்லை. எனக்கு இருந்தது. எண்ணுவதுதான் என் பிழைப்பு. மரக்காணம் உப்பளத்தில் தலைமுடி நரைக்கும்வரை கணக்குப்பிள்ளையாக இருந்தவன் நான். தலைச்சுமையாகப் போகும் கூடைகளையும் லாரியில் ஏறும் மூட்டைகளையும் எண்ணிய பழக்கம், வேலை நின்ற பிறகும் நிற்கவில்லை. இங்கே பேருந்தில் உட்கார்ந்தால் சிவப்புக் கதவு உள்ள வீடுகளை எண்ணுகிறேன். கோயிலில் பூசை நடக்கும்போது மெழுகுவர்த்திகளை எண்ணுகிறேன். ஒன்று குறைந்தால் மனசு அடித்துக்கொள்கிறது. யாராவது அணைத்தார்களா, காற்றா, கதவைச் சரியாகச் சாத்தவில்லையா என்று பிரசங்கம் முழுக்க அதே கவலை.

ஓராண்டு நிறைந்த அந்தப் புதன்கிழமை மதியம் எனக்கு ஆங்கில வகுப்பு இருந்தது. நூலகத்து மாடியில், எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்களுக்காக நடத்துகிறார்கள். ஒன்பது பேர் படிக்கிறோம். வயதில் நான்தான் மூத்தவன். சொல்லிக்கொடுப்பவர் ஆன் என்ற அம்மாள், ஓய்வு பெற்ற ஆசிரியை. அன்றைய பாடம்: வேலை செய்கிற இடத்தில் ஒரு சிக்கல் வந்தால் உதவி கேட்பது எப்படி.

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். பழைய எஸ்.எஸ்.எல்.சி. தினமும் ஆங்கிலப் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவன். உப்பளத்து ஜனங்களுக்காக வானூர், திண்டிவனம் ஆபீசுகளுக்கு எத்தனையோ மனு எழுதிக்கொடுத்திருக்கிறேன். தமிழிலும் எழுதுவேன், இங்கிலீஷிலும் எழுதுவேன். படிக்க வரும், எழுத வரும். வாயைத் திறந்தால்தான் வார்த்தைகள் வரிசையில் நிற்காமல் கலைந்து ஓடுகின்றன.

இரண்டிரண்டு பேராக நடித்துக் காட்டச் சொன்னார் ஆன் அம்மாள். என் ஜோடி ஹலீனா. போலந்துக்காரி, நாற்பது வயதிருக்கும். நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்திலேயே இஸ்திரி போடும் உருளை இயந்திரத்தில் நிற்கிறாள். அவள் சூபர்வைசராக நடிக்க வேண்டும். நான் தொழிலாளியாகப் போய் உதவி கேட்க வேண்டும்.

“குட் ஆஃப்டர்நூன், மேடம். உங்கள் உடம்பு நலமா?” என்றேன்.

“நலம். என்ன வேண்டும்?” என்றாள்.

“வீட்டில் எல்லாரும் நலமா?”

“வீட்டில் எல்லாரும் போலந்தில் இருக்கிறார்கள். உனக்கு என்ன வேண்டும்?”

“இன்றைக்கு மழை கொஞ்சம் அதிகம்…”

ஹலீனா பென்சிலைக் கீழே போட்டாள். “ஆன், இந்த மனிதர் மழையைப் பற்றி என்னிடம் புகார் கொடுக்க வந்திருக்கிறார். நான் என்ன நடவடிக்கை எடுப்பது?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆன் அம்மாள் கரும்பலகைப் பக்கம் போய், உதவி கேட்க மூன்று வாக்கியம் போதும் என்றார். என்ன சிக்கல், என்ன வேண்டும், நன்றி. அவ்வளவுதான். என் மனுக்களில் சிக்கல் என்பது மூன்றாம் பத்தியில்தான் மெல்லத் தலையை நீட்டும். அதற்கு முன்னால் மரியாதை, வாழ்த்து, குடும்ப நிலைமை எல்லாம் இருக்கும். எடுத்த எடுப்பில் சிக்கலைச் சொல்வது, போகிறவரின் சட்டையைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி.

சிரித்துக்கொண்டிருந்தபோதும் என் கைகள் மேசைக்கு அடியில்தான் இருந்தன. ஏனென்றால் எனக்கு நிஜமாகவே ஒரு சிக்கல் இருந்தது, அது அந்தக் கைகளில்தான் இருந்தது.

2

நான் எப்படி இங்கே வந்தேன் என்பதை ஊர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். என் ஒரே மகள் ஸ்டெல்லா. மாப்பிள்ளை பிலிப் புதுச்சேரிக்காரர். அவர்கள் குடும்பத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. கல்யாணமாகிப் பிரான்ஸ் போனார்கள். அங்கிருந்து வேலைக்காக இங்கிலாந்து வந்தார்கள். என் மனைவி முன்னமே காலமாகிவிட்டாள். நான் மரக்காணத்தில் தனியாக இருந்தேன், குறை ஒன்றும் இல்லாமல்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கடல் உள்ளே வந்தது. அந்தக் காலையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அங்கேயே இருந்தீர்கள். என் வீடு உள்ளே தள்ளி இருந்ததால் நனையக்கூட இல்லை. ஆனாலும் ஸ்டெல்லாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. “நீங்க வந்தே ஆவணும்பா” என்று தினமும் போன். வந்தேன்.

வருவது லேசாக இல்லை. என் பெயர் ஞானஸ்நானச் சான்றிதழில் ஒரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும், பாஸ்போர்ட்டில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. விசா அலுவலகத்து ஆள் ஞானஸ்நானச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் நான் ஒளிந்திருப்பதைப் போல. கடைசியில் திண்டிவனத்தில் ஒரு நோட்டரியிடம் போய், அந்த மூன்று பேரும் நானே என்று பிரமாணம் செய்தேன். அந்தப் பத்திரம் இன்னமும் என் பெட்டியில் இருக்கிறது. சில காலைகளில் கண்ணாடியைப் பார்க்கும்போது, மூவரில் யார் விமானம் ஏறினது என்று எனக்கே சந்தேகம் வரும்.

இங்கே வந்த முதல் மாதம், என் கோட்டுப் பையில் ஒரு காகிதத்தை ஊக்கு போட்டுக் குத்தி வைத்தாள் ஸ்டெல்லா. வீட்டு விலாசம், அவள் போன் நம்பர். தொலைந்து போனால் யாரிடமாவது காட்ட வேண்டுமாம். பத்து வயதுப் பேத்தி மரீனா அதைப் பார்த்துவிட்டு, “எங்க ஸ்கூல்ல நர்சரி பசங்களுக்குத்தான் இப்டி பண்ணுவாங்க, தாத்தா” என்றாள். அவளுக்குத் தமிழ் இவ்வளவாவது வருகிறதே என்று மகிழ்ச்சிப்படுவதா, சொன்னதைக் கேட்டு வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

சலவைக்கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கோயிலில் கேள்விப்பட்டபோது, அன்றே போய்ப் பெயர் கொடுத்தேன். வீட்டில் பெரிய சண்டை.

“உங்களுக்கு என்னாப்பா குறை இங்க? இந்த வயசுல ஈரத்துல நிக்கணுமா?” என்றாள் ஸ்டெல்லா.

“நான் கொழந்த இல்லம்மா. வேலைக்குப் போறேன். அங்க என்னா, எப்டின்னு என்னை ஒன்னும் கேக்காத.”

“சரி. கேக்கல” என்றாள். சொன்னபடியே கேட்கவில்லை.

3

கடற்கரை ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் எங்கள் கூடத்துக்கு வருகின்றன. துவைத்து, உலர்த்தி, மடித்துத் திரும்ப அனுப்புகிறோம். கூடத்தில் இரண்டு பக்கம். ஈரப்பக்கம், உலர்பக்கம். புதிதாக வந்தவர்களை ஈரப்பக்கத்தில் போடுவார்கள். இயந்திரத்திலிருந்து முறுக்கிக்கொண்டு வெளியே வரும் விரிப்புகளைப் பிரித்து, உதறி, வண்டியில் போட வேண்டும். அதுதான் என் வேலை.

அதைச் செய்யும்போது ஒரு விதமான தூக்கம் வரும். கண் மூடாது, கை நிற்காது, ஆனாலும் தூக்கம்தான். நீராவி கூரை வரை எழுந்து நிற்கும். கூரைக் கண்ணாடிக்கு மேலே கடற்பறவைகள் நடக்கிற நிழல் தெரியும். விரிப்பை நான் உதறுகிறபோது அது ஒரு கணம் காற்றை வாங்கிக்கொண்டு தட்டையாக நிற்கும், உப்புப் பாத்தியில் தண்ணீர் பாய்ச்சியதும் அது வானத்தை வாங்கிக்கொண்டு நிற்பதைப் போல. அந்தக் கணத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பது தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இருக்காது. வெள்ளை, வெள்ளைக்கு அப்பால் வெள்ளை, அதற்கும் அப்பால் தண்ணீரின் ஓரத்தில் அசையாமல் நிற்கும் நாரைகள். யாரோ ஒரு வண்டியை இடித்தால்தான் மறுபடி இங்கிலாந்து வரும்.

சிக்கல் ரப்பர் கையுறையில் தொடங்கியது. துணிகளில் தங்கியிருக்கும் சலவை மருந்து கையை அரிக்கும் என்பதால், ஈரப்பக்கத்தில் எல்லாரும் கையுறை போட வேண்டும் என்பது விதி. ஆனால் அந்த ரப்பர் பட்டால் என் தோல் தடித்துச் சிவந்து வெடிக்கிறது. கழற்றினால் மருந்து அந்த வெடிப்புக்குள் இறங்குகிறது. போட்டாலும் எரிச்சல், கழற்றினாலும் எரிச்சல். இரண்டில் கழற்றுவது கொஞ்சம் தேவலை என்று, யாரும் பார்க்காதபோது கழற்றிவிடுவேன்.

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். சூபர்வைசர் லிண்டா பார்த்துவிட்டாள். முப்பத்தைந்து வயது, வேகமான நடை, கழுத்தில் எப்போதும் ஒரு விசில்.

“உங்கள் கையுறை எங்கே?”

“சாரி, மேடம்.” உடனே போட்டுக்கொண்டேன்.

“எல்லாம் சரிதானே? ஏதாவது பிரச்சினையா?”

“ஒன்றுமில்லை, மேடம்.”

“நல்லது” என்று போய்விட்டாள்.

நான் அவள் திரும்பி வருவாள் என்று அங்கேயே நின்றேன்.

4

ஏன் நின்றேன் என்பது உங்களுக்குப் புரியும். இங்கே யாருக்கும் புரியாது.

உப்பளத்தில் அஞ்சலை என்று ஒருத்தி கூடை சுமந்தாள். ஒரு கோடையில், எனக்கு முன்னால் போகிற வரிசையில் அவள் இடம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் மூன்றாவது ஆளாகப் போனவள், பிறகு ஆறாவது, பிறகு கடைசி. கூடையை எண்ணுகிறவனுக்கு இது தெரியாமல் போகாது.

“என்னா அஞ்சல?” என்றேன்.

“ஒன்னும் இல்லீங்க, கணக்குப்புள்ள.”

“பின்ன ஏன் நொண்டற?”

“யாரு நொண்டனா? நல்லாத்தான் நடக்கறேன். ஒன்னும் இல்லீங்க.”

பின்னால் வந்தவள் ஒருத்தி, “காலையில புருஷன எட்டி ஒதைச்சுட்டு வந்துக்கறா. சுளுக்கிக்கிச்சு” என்றாள். வரிசையே சிரித்தது. அஞ்சலையும் சிரித்தாள். “ஒன்ன ஒதைச்சாத்தான் எனக்கு சுளுக்கும்டி, அவ்ளோ சதை” என்றாள்.

நான் மூன்றாம் முறையாக, “அஞ்சல, கூடைய எறக்கி வெச்சுட்டு இப்டி வா” என்றேன். அப்போதுதான் வந்து வரப்பில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிக் காட்டினாள். குதிகால் பிளந்திருந்தது. பிளவுக்குள் உப்பு. “ராத்திரில்லாம் தூக்கம் இல்லீங்க. ரெண்டு நாளு எடை போடற எடத்துல ஒக்கார வெச்சிங்கன்னா ஆறிடும்” என்றாள். உட்கார வைத்தேன்.

இதுதான் எங்கள் முறை. எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனாலும் யாரும் மீறியதில்லை. முதல் முறை ‘ஒன்றுமில்லை’ என்பது மரியாதைக்கு. இரண்டாம் முறை ‘ஒன்றுமில்லை’ என்பது, கேட்கிறவருக்கு நிஜமாகவே அக்கறை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மூன்றாம் முறை கேட்டால் சொல்லிவிடுவார்கள். வரிசையாகத் துயரத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறவரை நாங்கள் கொஞ்சம் கூசிப் பார்ப்போம். முதல் பதிலையே நம்பிப் போய்விடுகிறவரை மனுஷனாகவே சேர்க்க மாட்டோம்.

ஒரு பட்டணத்து மேனேஜர் வந்து ஒரு பருவம் மட்டும் இருந்தார். மோட்டார் சைக்கிளை வரப்போரம் நிறுத்தி, “என்னம்மா, நல்லா இருக்கீங்களா? கஷ்டம் ஏதாவது?” என்று கேட்டார். “ஒன்னும் இல்லீங்க” என்றார்கள். “வெரி குட்” என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பெண்கள் ஒரு வாரம் அதையே பேசிச் சிரித்தார்கள். “கஷ்டமான்னு கேட்டுட்டு, நாம சொன்ன பதில வேற நம்பிட்டுப் போறான் பாரு, பாவம்.”

அப்படிக் கேட்டுக் கேட்டுப் பழகிய எனக்கு, கேட்கப்படுகிற பக்கம் நிற்பது இதுதான் முதல் தடவை. லிண்டா கேட்டது ஒன்று. நான் அதை எண்ணி வைத்துக்கொண்டேன்.

5

அடுத்த வாரம் இரண்டாம் முறை. மறுபடி நான் கையுறை இல்லாமல் இருந்தேன். லிண்டா நின்றாள். இந்த முறை கொஞ்சம் நேரம் என் முகத்தைப் பார்த்தாள்.

“கையுறையில் ஏதாவது தொந்தரவா?”

எவ்வளவு நெருங்கி வந்துவிட்டாள்! என் நெஞ்சு நிறைந்துவிட்டது. “இல்லை, மேடம், ஒன்றுமில்லை” என்றேன், கைகளைத் துணிக்குள் வைத்துக்கொண்டு. மூன்றாம் முறைக்குச் சொல்ல வேண்டியதை அன்றே தயார் செய்யத் தொடங்கினேன்.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் ஹலீனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “லிண்டா உன்னை இரண்டு தடவை பிடித்துவிட்டாளாமே?” என்றாள்.

“பிடிக்கவில்லை. கேட்டாள். இன்னும் ஒரு முறை கேட்பாள்.”

“கேட்க மாட்டாள். இங்கே இரண்டு தடவை வாயால் சொல்வார்கள். மூன்றாம் தடவை கடிதம். நீ இன்னும் சோதனைக் காலத்தில் இருக்கிறாய். கடிதம் வந்தால் வீடு.” வீடு என்ற சொல்லைச் சொல்லும்போது கையால் தெருவைக் காட்டினாள்.

மூன்று என்பது இங்கேயும் உண்டு. நான் உதவிக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னை வெளியே அனுப்புவதற்கு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது. வேலை போனால் பணம் குறையும் என்பதல்ல. அந்த வீட்டில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. வேலை போனால் நான் மறுபடியும் கோட்டில் காகிதம் குத்தப்பட்ட ஆளாகிவிடுவேன். ஸ்டெல்லா காரணம் கேட்பாள், கையைப் பார்ப்பாள், பிறகு எந்த வேலைக்கும் விடமாட்டாள். அதனால் வீட்டில் முழுக்கைச் சட்டையின் நுனியை விரல் வரை இழுத்துவிட்டுக்கொண்டு சாப்பிட்டேன். கரண்டியால் சாப்பிடுகிறேன் என்று மரீனாவுக்கு ஒரே சந்தோஷம். “தாத்தா இங்கிலீஷ் ஆயிட்டாரு” என்றாள். ஸ்டெல்லா என் தட்டைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதில் ஒரு பக்கம் நிம்மதி. ஒரு பக்கம், என்னை அவள் பார்ப்பதே இல்லையோ என்று ஆற்றாமை. மரக்காணத்துப் பெண்ணாக இருந்தால் இந்நேரம் கையைப் பிடித்து இழுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் மரக்காணத்தை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தனியாகக் கடற்கரைக்குப் போனேன். இந்தக் கடலில் மணல் இல்லை, கூழாங்கல்தான். அலை பின்வாங்கும்போது கற்கள் ஒன்றோடொன்று உரசி, யாரோ நிறையப் பேர் ஒரே சமயத்தில் மெதுவாகப் பேசுவதைப் போலக் கேட்கும். அன்று மூடுபனி. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. லிண்டாவிடம் சொல்ல வேண்டியதை அந்தப் பனிக்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். என் கை சரியில்லை என்று யாரும் கேட்காமல் நானாகச் சொல்ல வேண்டும். எதிரில் மனிதர் யாரும் இல்லாதபோதும் வெட்கமாக இருந்தது. ஒரு நாயை நடத்திக்கொண்டு போன கிழவர் எனக்குத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். நான் அவரிடம், “ஒன்றுமில்லை” என்றேன். அவர் கேட்கவே இல்லை.

அதற்குப் பின் வந்த புதன்கிழமைதான் நான் முதலில் சொன்ன அந்த வகுப்பு.

6

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது ஹலீனா சிரிப்பை நிறுத்திவிட்டு, “கையைக் காட்டு” என்றாள்.

“ஒன்றுமில்லை.”

“நல்லது. ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை. ஆனால் நாளைக்கு உன் வண்டிக்குப் பக்கத்தில் நான் நிற்கப் போவதில்லை, லிண்டாதான் வருவாள்.” அவ்வளவுதான் சொன்னாள். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை வேலை தொடங்குவதற்கு முன் லிண்டாவின் கண்ணாடி அறைக்குப் போனேன். வாசலில் நின்றேன். எங்கள் ஊரில் ஒருவர் வாசலில் வந்து நின்றாலே பாதி கேட்டது மாதிரி. லிண்டா ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் நிமிரவில்லை. சுவரில் மாட்டியிருந்த சாவிகளை எண்ணினேன். பதினான்கு. இன்னொரு முறை எண்ணினால் வேலை நேரம் ஆரம்பித்துவிடும்.

“மேடம்” என்றேன். “என் கைகள் மோசமாக இருக்கின்றன.”

நிமிர்ந்தாள்.

“ரப்பர் கையுறை அதை இன்னும் மோசமாக்குகிறது. வேறு கையுறை வேண்டும். நான் இந்த வேலையில் இருக்க வேண்டும். நன்றி.”

இரண்டு வாக்கியம் அதிகமாகிவிட்டது. சட்டைக் கையை மடித்து மேசைமேல் கைகளை வைத்தேன். என் கைகளை வெளிச்சத்தில் நானே அன்றுதான் சரியாகப் பார்த்தேன்.

லிண்டா ரொட்டியைக் கீழே வைத்தாள். “கடவுளே! ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் உங்களை இரண்டு தடவை கேட்டேனே!”

“ஆமாம், மேடம். இரண்டு தடவை.”

அவளுக்கு நான் சொன்னது புரியவில்லை. புரிய வைக்க எனக்கு ஆங்கிலம் போதாது. தமிழிலே சொல்லவே இவ்வளவு பக்கம் ஆகிறது. அவள் மேசையின் கீழ் இழுப்பறையை இழுத்தாள். உள்ளே நீல நிறத்தில் ரப்பர் இல்லாத கையுறைகள், ஒரு பெட்டி நிறைய. எத்தனையோ பேருக்கு இப்படி ஆகும், அதற்காகவே வைத்திருக்கிறோம் என்றாள். கைகள் ஆறும்வரை உலர்பக்கத்தில் துண்டு எண்ணும் வேலை. முன்பு பிடித்தது இரண்டும் கணக்கில் இல்லை. ஆனால் டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வர வேண்டும்.

எல்லாம் சேர்ந்து ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, சந்தோஷத்தால் மட்டும் அல்ல. இவ்வளவு சுலபமாக ஒரு மனிதரை நம்பிவிடுகிறார்கள். முதல் சொல்லையே நம்புகிறார்கள். ஒன்றுமில்லை என்றால் அதையும் நம்புகிறார்கள், வலிக்கிறது என்றால் அதையும் நம்புகிறார்கள். இதைக் கல்நெஞ்சு என்றுதான் நான் இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று உலர்பக்கத்தில் நின்று துண்டுகளை எண்ணும்போது, இதற்கு வேறு பெயரும் இருக்கலாம் என்று தோன்றியது. வெயில் கண்ணாடிக் கூரை வழியாக அடுக்குகளின்மேல் இறங்கி வந்தது. எண்ணிக்கை இரண்டு முறை தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

7

டாக்டர் சீட்டு என்றால், டாக்டரிடம் நேரம் வாங்க வேண்டும். அதற்கு ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தாக வேண்டும். அது லிண்டாவிடம் சொன்னதைவிடக் கஷ்டம்.

மாலையில் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வந்திருக்கவில்லை, மரீனா மாடியில் இருந்தாள். நான் வாசலில் நிற்காமல் உள்ளே போனேன்.

“கை புண்ணாயிட்டுதும்மா. டாக்டரப் பாக்கணும். வேலைய மட்டும் விட மாட்டேன்.”

அவள் திரும்பவில்லை. குழாயை மூடினாள். “தெரியும்” என்றாள்.

“என்னா தெரியும்?”

“தலகாணி ஒறையில ரத்தம். ஒரு மாசமா நான்தான தொவைக்கறேன்?”

“பின்ன ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“கேக்காதன்னு நீங்கதான சொன்னீங்க?” இப்போது திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரலில் கோபம்தான் இருந்தது. “கொழந்த இல்லன்னீங்க. சரி, பெரிய மனுஷன், அவரா சொல்லுவாருன்னு இருந்தேன். இங்க அப்டித்தான்பா. அவங்களா சொல்லாத வரைக்கும் கையப் புடிச்சு இழுக்கக் கூடாது. மரியாதை இல்ல. பத்து நாளா ஸ்பூன்ல சாப்டறீங்க. கேக்காம இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

“நான் நீ கேப்பேன்னு இருந்தேன்.”

“கேட்டா ஒன்னும் இல்லம்பீங்க.”

“ஆமாம்.”

மீன்வாசம் அடிக்கும் கையால் அவள் என் விரல்களைத் தொடப் பார்த்து, பிறகு புண் என்று நினைவு வந்து, முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கேட்காமல் இருந்ததும் அன்பு, கேட்கட்டும் என்று இருந்ததும் அன்பு என்று இப்போது எழுதும்போது சுலபமாகத் தோன்றுகிறது. அப்போது அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, மருத்துவமனை திறக்கிற நேரத்துக்கு அவளே எண்களை அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடித்தது. நான் செருப்பைத் தேடுவதைப் போல நகர்ந்தேன். ஒரு வருஷமாக எனக்காக வங்கியிலும் பேருந்திலும் அலுவலகங்களிலும் பேசியவள் அவள்தான். அந்தப் பக்கம் யாரோ வணக்கம் சொன்னது எனக்கே கேட்டது. ஸ்டெல்லா ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

“நீ பேசும்மா.”

“உங்க கைதான? நீங்க சொல்லுங்க.”

வாங்கினேன். பெயரைச் சொன்னேன். மூவரில் பாஸ்போர்ட்டில் இருப்பவரின் பெயரை. என்ன விஷயம் என்று அந்தப் பெண்குரல் கேட்டது. கைகள் வெடித்திருக்கின்றன, டாக்டரைப் பார்க்க வேண்டும், வேலையிடத்துக்குச் சீட்டு வேண்டும், என்றேன். ஒரு சொல்லை அவள் திருப்பிச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். ஸ்டெல்லா சுவரில் சாய்ந்து நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் எனக்கு முன்னால் ஒவ்வொரு வார்த்தையாக அசைந்தன. சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. திங்கட்கிழமை காலைக்கு நேரம் கிடைத்தது.

ரிசீவரை வைத்தேன். வந்த நாளிலிருந்து நான் எழுந்தால் ‘உக்காருங்கப்பா’, கதவுப் பக்கம் போனால் ‘எங்கப்பா போறீங்க’ என்பாள். அன்று என் கோட்டை ஆணியிலிருந்து எடுத்து, கை நுழைக்கத் தோதாக விரித்துப் பிடித்தாள்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றாள். “கெளம்புங்க.”